பிரசவ அறைக்கு வெளியே இருபது ஜிபி

“அம்மாவுக்கு வெளியில நெட்டு வேண்டாம்ப்பா. ஆஸ்பத்திரியில நான் என் வலியைப் பாப்பேனா, அம்மா கையில போன் இருக்கான்னு பாப்பேனா?”

இதுதான் அவள் சொன்னது. ஒரு எழுத்து நான் சேர்க்கவில்லை. அரை மணி முன்னால் என் வீட்டுக்காரர் திருச்சியிலிருந்து தன் வாயாலேயே சொன்னார். யார் சொன்னதை? என் பெண் சொன்னதை. யாரைப் பற்றி? என்னைப் பற்றி. அதோ, அந்த மூன்றாவது கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறாளே, அவள்தான்.

“நான் சரிம்மான்னு சொல்லிட்டேன் பிரபா,” என்கிறார். சரிம்மாவாம். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மூன்று நாள் யோசிக்கிற மனிதர், இதற்கு உடனே சரிம்மா.

நீங்கள் போனில் தமிழ் பேசினது காதில் விழுந்ததும்தான் இந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். யாழ்ப்பாணமா? நினைத்தேன். பேச்சிலேயே தெரிந்தது. உள்ளே மருமகளா, மகளா? மகளா, நல்லது. முதல் பிரசவமா என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

நான் வெளிநாடு வருவது இதுதான் முதல் தடவை. அதற்காக ஏமாளி மாதிரி வர முடியுமா? எங்கள் எதிர் வீட்டு லலிதாம்பிகை துபாய்க்குப் போனபோது போனை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு போனாள். வந்த பில்லைப் பார்த்து ஒரு வாரம் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. படிக்காதவளும் இல்லை. ஆனால் படிப்பது வேறு, அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படிப்பது வேறு. எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் என்று ஒருவர். கேள்வித்தாளை முழுசாகப் படிக்காமல் பேனாவைத் திறந்தால் ஸ்கேல் முழங்கையில் விழும். அந்தப் பழக்கம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

தை, மாசி இரண்டு மாதமும் சாயங்காலம் காபி ஆனதும் எங்களுக்கு இதுதான் வேலை. சாப்பாட்டு மேஜையில் இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் போன். பெண்ணின் பிரசவத்துக்கு ஆறு மாதம் போகிறேன், கையில் நெட் வேண்டும், பணமும் கரையக் கூடாது. எதை எடுப்பது?

நம்ம ஊர்க் கம்பெனிக்காரன் வெளிநாட்டுப் பேக் என்று ஒன்று வைத்திருக்கிறான். நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு. சிங்கப்பூரில் விமானம் மாறுகிற நாலு மணி நேரத்துக்கு அது செல்லாதாம், அதற்குத் தனியாக இன்னொரு பேக் போட வேண்டுமாம். இருபத்தெட்டு நாளில் அதுவும் முடிந்துவிடும். நான் பத்து நாள் ஊர் சுற்றவா வருகிறேன்? வேண்டாம் என்று தள்ளினேன். அப்புறம் ஈசிம் என்று ஒன்று. கையில் சிம்மே இருக்காது, ஆனால் சிம் இருக்கும். என் போன் பழசு, அதில் அது ஏறாது. இன்னொருவன் அன்லிமிடெட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அடியில் எறும்பு எழுத்தில் போய்ப் பார்த்தால், கொஞ்சம் தாண்டினதும் வேகம் குறையும் என்று இருக்கிறது. வேகம் குறைந்தால் குழந்தை முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதை யார் பார்ப்பது?

கடைசியில் நான் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். ஊர் சிம்மைக் கழற்றக் கூடாது, பேங்கிலிருந்து ஓடிபி வரவேண்டும். ஆனால் அதில் எஸ்எம்எஸ் மட்டும் வருகிற சின்ன பேக், நெட் கூடாது. இன்னொரு துளையில் இந்த ஊர் சிம். அதை ஏர்போர்ட்டில் வாங்கக் கூடாது, அங்கே கொள்ளை. அதே சிம், அதே கம்பெனி, சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலை. இருபது ஜிபி, இந்தியாவுக்குப் பேசிக்கொண்டே இருக்கலாம். லலிதாம்பிகை இதைக் கேட்டுவிட்டு, “நீங்க ஒரு ஆபீஸ் வெச்சு நடத்தலாம் மாமி,” என்றாள். எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

“பத்து ஜிபி போதாதா பிரபா?” என்று இவர் கேட்டார்.

“வீடியோ கால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இழுக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? குழந்தை பொறந்ததும் அக்கா பாக்கணும், கும்பகோணத்துல உங்க தங்கச்சி பாக்கணும், சின்ன மாமா பாக்கணும். பத்துல எப்படி?”

“அப்ப இருபதே போட்டுக்க,” என்றார். அதோடு விட்டாரா? கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, “மீந்தா அடுத்த மாசத்துல சேருமான்னு பாரேன்,” என்று வேறு கேட்டார்.

இப்போது சொல்கிறேன். அவள் அவரிடம் பேசியது பொங்கலுக்கு மறுநாள். நான் கோலத்தை அழித்துக்கொண்டு வாசலில் இருந்திருக்கிறேன், உள்ளே அப்பாவும் பெண்ணும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். நாங்கள் பிளான் பார்க்க உட்கார்ந்தது அதற்கு அப்புறம். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார். மூடி வைக்கப் போகிற குழாயில் தண்ணீர் மீந்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நானும் பார்த்துச் சொன்னேன், சேரும் என்று.

இவர் வரவில்லை. முட்டி வலி, அத்தனை மணி நேரம் மடக்கி உட்கார முடியாது. நான் தனியாகத்தான் வந்தேன். மெல்போர்ன் ஏர்போர்ட்டில் மாப்பிள்ளை கௌதமன் காத்துக்கொண்டிருந்தார். தங்கமான பிள்ளை என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். “அத்தை, நீங்க சொன்ன சிம்மே, நீங்க சொன்ன கடையிலேயே வாங்கிட்டேன்,” என்று நீட்டினார். உறை பிரித்திருந்தது. எனக்குச் சிரமம் வேண்டாம் என்று ஆக்டிவேட் பண்ணியே கொண்டுவந்திருக்கிறார், என்ன பொறுப்பு பாருங்கள் என்று வீடு வந்ததும் எங்கள் குடும்ப குரூப்பில் எழுதினேன். காவேரிக்கரைக் கதம்பம் என்று பெயர். நான்தான் வைத்தேன். செண்பகா அக்கா தஞ்சாவூரிலிருந்து இதயம் இதயமாக அனுப்பினாள்.

வீட்டில் வைஃபை இருக்கிறது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. பூங்காவுக்கு நடக்கப் போனால் மட்டும் நெட் வராது. கேட்டால், “இந்த ஏரியாவுல சிக்னல் கொஞ்சம் வீக், அத்தை,” என்பார். கடைக்குப் போனாலும் வீக். கோயிலுக்குப் போனாலும் வீக். நான் மெல்போர்னே வீக் என்று நம்பி, அதையும் குரூப்பில் போட்டேன். வீட்டில் நெட்டை விட்டுவைத்ததுகூட என் மேல் பாசத்தால் இல்லையாம். “வீட்ல நான் பக்கத்துல இருந்து பாத்துப்பேன்” என்று என் பெண் சொன்னாளாம். பார்த்துக்கொள்வது யாரை? என்னை. நானா குழந்தை?

இன்றைக்குக் காலையில் பனிக்குடம் உடைந்தது. நான்தான் பையை எடுத்தேன், நான்தான் செருப்பை மாட்டிவிட்டேன், காரில் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன். லிஃப்டில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஏற்றினார்கள். ஒரே ஒரு படம் எடுத்தேன். முகம் இல்லை, சத்தியமாக. கை மட்டும், நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த கை. அதை அனுப்பி, பிரார்த்தனை பண்ணுங்கள் என்று போடலாம் என்று பார்த்தால், வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரி வைஃபை ஒன்று இருக்கிறதே என்று அதில் நுழைந்தால், பேர் கேட்கிறது, ஈமெயில் கேட்கிறது, கடைசியில் உன் ஈமெயிலுக்குள் போய் அங்கே வந்திருப்பதை அமுக்கு என்கிறது. நெட் இருந்தால் நான் ஏன் அதனிடம் போகிறேன்?

எனக்கு முதலில் என் மேல்தான் கோபம். இத்தனை பார்த்தும் பிளானைத் தப்பாக எடுத்துவிட்டேனா, லலிதாம்பிகை முகத்தில் எப்படி விழிப்பது என்று. அந்தக் கம்பெனிக்கே போன் பண்ணினேன். பேச்சு மட்டும்தான் நன்றாகப் போகிறதே. சிஸ்டர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தைக்கும் வாலை விடாமல் நிறுத்தி நிறுத்திப் பேசினேன். அந்தப் பெண்ணும் மரியாதையாகத்தான் பேசினாள். உங்கள் பிளான் நல்ல பிளான், உங்கள் இருபது ஜிபியும் அப்படியே இருக்கிறது, ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, ஆனால் டேட்டாவை எண்ணின் சொந்தக்காரர் மூடி வைத்திருக்கிறார், அவர் பேசினால்தான் திறக்க முடியும் என்றாள்.

யார் சொந்தக்காரர் என்றேன். மிஸ்டர் கௌதமன் என்றாள். சொந்தக்காரர் உள்ளே என் பெண் நித்திலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

உடனே இவருக்குப் போட்டேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். பால்காரன் மணி கேட்டது.

“ஏங்க, மாப்பிள்ளை என் நெட்டை மூடி வெச்சிருக்கார். உங்களுக்குத் தெரியுமா?”

“நித்தி எப்படி இருக்கா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“வலி நல்லா எடுத்திடுச்சா? கூட யாரு இருக்காங்க?”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

இவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நான் பிடுங்க, அவர் கொடுத்தார். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. நான் வலியைப் பார்ப்பேனா, அம்மா கையைப் பார்ப்பேனா.

“அப்ப ரெண்டு மாசம் என் எதிர்ல உக்காந்து பத்தா இருபதான்னு கேட்டீங்களே, அது?”

“நீ சந்தோஷமா இருந்த பிரபா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

“சொன்னா அவகிட்ட சண்டைக்குப் போயிருப்ப. போகாம இருந்திருப்பியா, நீயே சொல்லு.”

போயிருப்பேன். அதற்கென்ன? சண்டை போட்டாவது தீர்ந்திருக்கும். மூன்று பேரும் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டு, நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் சிக்னல் வீக் சிக்னல் வீக் என்று மரத்தடி மரத்தடியாகப் போனைத் தூக்கிக்கொண்டு நின்றேனே, அதை எதில் கொண்டுபோய் வைப்பது?

ஏன் என்று கேட்டேன். நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? அதற்குத்தான் அந்தப் பழைய விஷயத்தை எடுக்கிறார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. இரண்டு வருஷம் முன்னால் நித்திலா ஒரு தடவை உண்டாகி, மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. லீவுக்குத் திருச்சி வந்திருந்தாள், அங்கே வைத்துத்தான். அதுவும் சும்மா வந்த குழந்தை இல்லை. ஊசி, மருந்து, முட்டையை எடுத்து வெளியே சேர்த்து வைத்து, அப்படி. குறை என் பெண்ணிடம் இல்லை, மாப்பிள்ளைக்குத்தான் எண்ணிக்கை கொஞ்சம் போதாதாம். இதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நானும் அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கும்பகோணத்தில் இவர் தங்கைக்கு அக்கா சொல்லியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆனால் உண்டாகியிருக்கிறாள் என்ற நல்ல செய்தியை நான் குரூப்பில் போட்டது நிஜம். சந்தோஷத்தை எப்படி மூடி வைப்பது? கலைந்ததும், அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டதே, அத்தனை பேரும் துடித்தார்கள். நர்சிங் ஹோமில் அவளைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். நான் வீடியோ கால் போட்டேன். ஒரே நேரத்தில் எல்லாரும் சின்னச் சின்னக் கட்டத்தில் வருவார்களே, அது. அக்கா அழுதாள், கும்பகோணம் அழுதது, சின்ன மாமா கந்த சஷ்டி கவசம் சொன்னார். இத்தனை பேர் நமக்கு இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போகிற வரைக்கும் பிடித்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பிடித்தேன்.

“அது ஞாபகம் இருக்கா பிரபா? புள்ள செவுத்தப் பாத்துத் திரும்பினது?” என்கிறார் இவர்.

“மயக்க மருந்து குடுத்திருந்தாங்க. அப்படித்தான் திரும்புவாங்க.”

“அது மயக்கம் இல்ல.”

“நீங்க டாக்டரா?” என்று கேட்டேன். அதோடு போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் என்னோடு வீடியோவில் பேசவே இல்லை. குரல் மட்டும்தான். கேமரா பழுதாகிவிட்டது என்றாள். புதுசு வாங்கிக்கொள்ளேன் என்றேன். வாங்குகிறேன் என்றாள். பாவம், வேலை வேலை என்று ஓடுகிற பெண், அதற்கெல்லாம் நேரம் எங்கே?

இருங்கள், என் பக்கம் அப்படிப் பார்க்காதீர்கள். அந்த நர்ஸ் வந்து சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். நீல உடுப்பு, தலையை உச்சியில் முடிந்திருந்தாளே, அவள்தான். நித்திலா உங்களைக் கூப்பிடுகிறாள், அம்மா வேண்டும் என்கிறாள், வாருங்கள் என்றாள். எழுந்துவிட்டேன். பாதி தூரம் போய்விட்டேன். அப்போது சொல்கிறாள், போனை மட்டும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள், ப்ளீஸ் என்று. அது ஆஸ்பத்திரிச் சட்டமா என்று கேட்டேன். இல்லை, உங்கள் மகளின் விருப்பம் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் பாருங்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் முன்னால், பெற்ற தாயைச் சோதனை போட்டு உள்ளே விடுவதா? ஒரு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

என்ன? நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா? என் போனையா?

தப்பாக நினைக்காதீர்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் இப்போதுதான் பார்த்திருக்கிறோம். உங்கள் பேர்கூட நான் இன்னும் கேட்கவில்லை. இந்தப் போனில் எங்கள் குடும்பமே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டு விஷயத்தையெல்லாம் எப்படிக் கொடுத்துவிட்டுப் போவது?

போகத்தான் போகிறேன். போகாமல் இருப்பேனா? அவள் பிறந்தபோது பதினெட்டு மணி நேரம் துடித்தவள் நான். என் அம்மா காரைக்காலிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அம்மா அம்மா என்று கத்தினது நர்சுக்குத்தான் கேட்டது. என் பெண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் மூன்று வாரம் முன்கூட்டியே டிக்கெட் போட்டேன். அவள் கையைப் பிடிக்கத்தான் வந்தேன். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து, நெட்டை மூடினால் இவள் வாய் மூடிவிடும் என்று முடிவு பண்ணினார்களே, அது தப்பு என்று தெரிய வேண்டாமா? ஒரே ஒரு செய்தி குரூப்பில் போய் விழட்டும். போனதும் நானே போனை அணைத்து இந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டு உள்ளே போகிறேன். சாமி மேல் ஆணை.

உங்கள் போனில் நெட் நன்றாக வருகிறது. வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீடியோ தடங்கலில்லாமல் ஓடியதே. அதை அப்படியே ஒரு நிமிஷம் என் போனுக்குத் திறந்துவிடலாம். செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் என்று இருக்கும். இப்படிக் கொடுங்கள், நானே போட்டுக்காட்டுகிறேன். ஒரு படம், இரண்டு வரி. உங்கள் டேட்டாவில் ஒரு ஸ்பூன்கூடக் குறையாது.

உள்ளே யாரோ கத்துகிறார்கள். அது பக்கத்து ரூம். எங்களது மூன்றாவது கதவு. இல்லை, நித்திலா இவ்வளவு சத்தமாகக் கத்துகிற பெண்ணே இல்லை. அம்மா என்று யார் வேண்டுமானாலும் கத்துவார்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உங்களைக் கூப்பிட்டார்களா என்ன? எனக்குக் கேட்கவில்லையே. கைப்பையை ஏன் மூடுகிறீர்கள், ஒரு நிமிஷம்தான் கேட்டேன். ஏங்க, உங்களைத்தான். போனைக் கொடுக்க வேண்டாம், கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆன் பண்ணிவிட்டு, பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிட்டுப் போங்களேன்.